பதினாலு ரவிக்கைக்கு எத்தனை மூட்டை சிமெண்ட்

“கையெழுத்துப் போட்ட பிறகும் ஏறுறதுக்குப் பேர் விலையா சார்? அதுக்கு வேற பேர் இருக்கு. வாய் திறந்தா நல்லா இருக்காது.”

“அக்கா, கொஞ்சம் மெதுவா பேசுங்க. பக்கத்து ரூம்ல வேற பார்ட்டி உட்கார்ந்திருக்காங்க.”

“உட்காரட்டும். அவங்களும் கேட்கட்டும். இன்னும் கையெழுத்துப் போடாதவங்கதானே? நேரம் இருக்கு, எழுந்து ஓடட்டும்.”

பக்கத்து அறையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. பில்டர் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி சிரித்தார். காலையில் குளித்ததும் போட்டுக்கொள்கிற சிரிப்பு அது, படுக்கப் போகும்போதுதான் கழற்றுவார் என்று சொல்வார்கள். டெய்லரக்கா இவ்வளவு கத்தியும் அதில் ஒரு மடிப்புகூட விழவில்லை.

அவர் மேசைக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் வரிசையாகப் பத்தொன்பது பொம்மை வீடுகள், பிளாஸ்டிக் மரங்கள், வாசலுக்கு வாசல் நகம் அளவுக்கு ஒரு கார். பன்னிரண்டாம் நம்பர் டெய்லரக்காவுடையது. எட்டு மாதமாக இந்த அலுவலகத்துக்கு வரும்போதெல்லாம் அந்தப் பன்னிரண்டாம் நம்பரின் முன்னறையைத்தான் பார்ப்பாள். தெருவைப் பார்த்த ஜன்னல், அதற்கென்று தனிக் கதவு. மனசுக்குள் மூன்று தையல் மெஷினையும் அங்கே போட்டு, ஓரத்தில் திரை கட்டி, திரைக்குப் பின்னால் ஆளுயரக் கண்ணாடியும் மாட்டியாகிவிட்டது. வீடு மட்டும்தான் பாக்கி.

“பதினேழாவது பிரிவு, அக்கா.” பில்டர் ஒப்பந்தத்தைத் திருப்பி, எறும்பு ஊர்கிற மாதிரி இருந்த எழுத்தின் மேல் விரலை வைத்தார். “கட்டுமானப் பொருள் விலை ஏறினா, நாங்களும் ஏத்தலாம். நான் என்ன, ஆசைப்பட்டா ஏத்துறேன்? கம்பி விலை ஏறுது, சிமெண்ட் விலை ஏறுது.”

“முதல்ல மூணு சதவீதம்னீங்க. முணுமுணுத்துக்கிட்டே கையெழுத்துப் போட்டேன். அப்புறம் அஞ்சு. அதுக்கும் போட்டேன். இப்ப ஒன்பது. உங்க கம்பி என்ன, வளர்ற பிள்ளையா?”

“கஷ்டம்னா சொல்லுங்க. முன்பணத்தை முழுசா திருப்பிக் கொடுத்துடறேன். ஒரு பைசா பிடிக்கமாட்டேன். உங்களுக்காக.”

அதைக் கேட்டதும்தான் டெய்லரக்கா உஷாரானாள். பணம் கேட்கிறவனைச் சமாளிக்கலாம், தானாகப் பணத்தை நீட்டுகிறவனை என்ன செய்வது. இன்றைய தேதியில் அதே வரிசையில் வீடு கேட்டு வருகிறவர்களிடம் அவர் ஒன்றரை மடங்கு சொல்கிறார் என்பது தெருவுக்கே தெரியும். இவள் விலகினால் அவருக்கு லாபம். விலகாமல் ஒன்பது சதவீதம் கொடுத்தாலும் லாபம். முப்பது நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று, ஒன்பது சதவீதம் கேட்டு வந்த மூன்றாவது கடிதத்தின் அடியில் போட்டிருந்தது.

இந்த அமளியெல்லாம் நடந்தபோது டெய்லரக்காவின் புருஷன் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். ஒரு சின்ன நோட்டில் எதையோ குறித்துக்கொண்டே இருந்தார்.

“நீங்க வாயைத் திறக்கமாட்டீங்களா?” என்றாள்.

“எழுத்து மூலமா பார்த்துக்கலாம்” என்றார் அவர்.

அவரைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். தெருவில் அவருக்குப் பெயர் ‘மூணு காப்பி’. ஓர் அலுவலகத்தின் தபால் பிரிவில் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருக்கிறார். எதுவாக இருந்தாலும் மூன்று நகல் எடுப்பார்: ஒன்று போகிற இடத்துக்கு, ஒன்று கோப்புக்கு, மூன்றாவது, முதல் இரண்டும் தொலைந்தால். பால்காரன் வரவில்லை என்றால்கூட அவனுக்குக் கடிதம் எழுதி, மூன்று நகல் எடுத்து, ஒன்றில் அவனிடமே ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறார். மனுஷர் கெட்டவர் இல்லை. சண்டை வந்தால் வாய் எழாது, பேனாதான் எழும்.

டெய்லரக்கா அதற்கு நேர்மாறு. அவளுக்கு எழுத்து என்றால் துண்டுச் சீட்டுதான். ரவிக்கை தைக்க ஆள் வந்ததும் டேப்பைக் கழுத்தில் போடுவாள். டேப் கழுத்தில் இருக்கும்போது என்ன கூலி சொல்கிறாளோ அதைச் சீட்டில் எழுதிக் கொடுப்பாள். அதற்கப்புறம் நூல் விலை ஏறினாலும் மின்கட்டணம் ஏறினாலும் அந்தச் சீட்டு மாறாது. ஒருத்தி அளவு கொடுத்துவிட்டுப் போய் நாலு மாதம் கழித்து, இரண்டு சுற்று பெருத்து வந்தாள். தைத்ததைப் பிரித்து, ஒட்டுப் போட்டு, மறுபடி தைத்து, பழைய கூலியைத்தான் வாங்கினாள். பெருத்தவளே கூச்சப்பட்டுக் கூடக் கொடுக்கப் பார்த்தாள். “டேப் எடுத்ததோட பேச்சு முடிஞ்சுது” என்று திருப்பிவிட்டாள். இருபத்திரண்டு வருடமாக இந்தத் தெருவில் அவள் கடை நடப்பது அந்தச் சீட்டை நம்பித்தான்.

அந்தக் கடைக்குத்தான் ஆபத்து. வாடகை வீட்டின் முன்னறையில் கடை. வீட்டுக்காரர் நாலு மாதத்தில் காலி செய்யச் சொல்லிவிட்டார். பன்னிரண்டாம் நம்பர் கைநழுவினால், கையில் இருக்கிற பணத்துக்கு எங்கேயாவது நாலாவது மாடியில் இரண்டு அறை கிடைக்கும். நாலு மாடி ஏறி வந்து ரவிக்கைக்கு அளவு கொடுக்கிற பெண்பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. சரி, ஒன்பது சதவீதத்தைக் கொடுத்துத் தொலைக்கலாம் என்றால், வங்கி கொடுக்கக்கூடிய கடனைக் கழுத்துவரை கொடுத்தாகிவிட்டது. மூன்று மெஷினையும் விற்றாலும் பாதிகூடத் தேறாது. மெஷினை விற்ற பிறகு முன்னறை எதற்கு?

இந்த இடத்தில் நம் தெருவுக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. தெருவுக்கு இந்த மாதிரி விஷயம் மட்டும் எப்படித்தான் ஞாபகம் வருமோ.

பில்டர் மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். அதற்கான பதினாலு ரவிக்கையும் டெய்லரக்காவிடம்தான் தைக்கக் கொடுத்திருந்தது. பில்டரம்மா காரில் வந்து இறங்கி, மகளைத் திரைக்குப் பின்னால் நிறுத்தி அளவு கொடுக்க வைத்து, சீட்டு வாங்கிக்கொண்டு போய் ஒரு மாதம் ஆகிறது. பத்து தைத்து முடிந்து ஆணியில் தொங்கியது. நாலு வெட்டிக் கிடந்தது.

“அக்கா, இதுக்கு மேல கடவுள் என்ன செய்வார்?” என்றாள் எதிர்வீட்டுக்காரி. “வெட்டின துணியைத் தூக்கிக்கிட்டு வேற எங்க போவாங்க? நீயும் ஏத்து. ஒன்பது என்ன, பத்தொன்பது ஏத்து.”

“ஏத்தினா?”

“அவருக்கு உறைக்கும்.”

“அவருக்கு உறைக்குதோ இல்லையோ, அடுத்த தடவை அவர் எதிர்ல போய் நின்னு கத்த எனக்கு வாய் இருக்காது. அதோட, அளவு கொடுத்தது அந்தப் பொண்ணு. பதினேழாவது பிரிவு எழுதினது அவ இல்ல.”

“நீ இப்படியே நியாயம் பேசு. நாலாவது மாடியில காத்து நல்லா வரும்.”

டெய்லரக்கா மெஷினை மிதித்தாள். மூணு காப்பி சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு, பில்டரின் மூன்றாவது கடிதத்தை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அலுவலகம் போனார். அப்போதே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு ரவிக்கையின் கை அளவில் தகராறு, அவள் கவனம் அதில்.

தபால் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. அங்கே யாரும் புதிதாகக் கடிதம் எழுதமாட்டார்கள். பழைய கோப்பில் நல்ல கடிதமாக ஒன்றை எடுத்து, பெயரையும் தேதியையும் பொருளையும் மாற்றி, மற்றதை அப்படியே விட்டுவிடுவார்கள். இருபத்தாறு வருடத்தில் மூணு காப்பி தன் சொந்த வாக்கியம் என்று ஒன்றை எழுதியிருப்பாரா என்பது சந்தேகம். இப்போது கையில் இருப்பதோ விலையேற்றக் கடிதம். எழுத வேண்டியதும் விலையேற்றக் கடிதம். இதைவிடப் பொருத்தமான மாதிரி எங்கே கிடைக்கும்? மாற்ற வேண்டியதை மாற்றினார். இடையில் மேலதிகாரி கூப்பிட்டிருக்கிறார். போய்விட்டு வந்து, எந்த வரியில் விட்டோம் என்று பார்க்காமல் கடைசி வரிக்குப் போய்விட்டார். மனைவிக்குத் தெரியாமல் எடுத்து வந்திருந்த கடை முத்திரையைக் குத்தினார். மூன்று நகல். பதிவுத் தபால்.

மூன்றாம் நாள் காலை பத்தரை மணிக்குப் பில்டரம்மாவின் கார் தெருவில் வந்து நின்றது. கதவைச் சாத்திய சத்தத்திலேயே தெருவுக்கு விஷயம் புரிந்தது. ஐந்து நிமிடத்தில் டெய்லர் கடையில் நாலு பேர் இருந்தார்கள், எல்லோருக்கும் அவசரத் தையல். எதிர்வீட்டுக்காரி சட்டையில் நன்றாக இருந்த பொத்தானைப் பல்லால் கடித்துப் பிய்த்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

பில்டரம்மா உட்காரவில்லை. கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தாள்.

“ஏம்மா, உங்களை நம்பித்தானே கொடுத்தேன்?”

“என்னம்மா ஆச்சு? அளவுல ஏதாவது…”

“அளவு இல்ல. சிமெண்ட்.”

டெய்லரக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். பில்டரம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி வாசித்தாள்.

“‘மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் அவர்களுக்கு. தங்கள் பதினான்கு ரவிக்கைகள் தொடர்பாக. சந்தையில் நூல், கொக்கி, உள்துணி ஆகியவற்றின் விலை எதிர்பாராத வகையில் உயர்ந்துள்ளதால், ஒப்புக்கொண்ட தொகை ஒன்பது சதவீதம் உயர்த்தப்படுகிறது.’ சரி, இதுவரைக்கும் எனக்குக் கோபம்தான் வந்தது. இனிமேதான் குழப்பம். ‘மேலும், இரும்புக் கம்பி மற்றும் சிமெண்ட் மூட்டை விலை மாறும் பட்சத்தில் மறு அறிவிப்பு அனுப்பப்படும். மொட்டைமாடிக்குச் செல்லும் படிக்கட்டு இத்தொகையில் அடங்காது.’ என் பொண்ணு ரவிக்கைக்கு எதுக்கும்மா படிக்கட்டு?”

பொத்தான் கொண்டுவந்தவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

“இன்னும் இருக்கு. ‘முப்பது நாட்களுக்குள் சம்மதம் தெரிவிக்காவிட்டால், தாங்கள் விலகியதாகக் கருதப்படும். மனை நிறுவனத்தின் வசமே இருக்கும்.’ எந்த மனை? என் பொண்ணு முதுகா?”

டெய்லரக்கா கடிதத்தை வாங்கிப் பார்த்தாள். தன் கடை முத்திரை. எழுத்து யாருடையது என்று தெரிந்துகொள்ள இரண்டாவது வரிவரைகூடப் போக வேண்டியிருக்கவில்லை. காது மடல் சுட்டது. இருபத்திரண்டு வருடச் சீட்டுப் பேச்சு, ஒரு பதிவுத் தபால் செலவில் போய்விட்டதே என்று நினைத்தாள். அந்த நிமிடம் மூணு காப்பி மட்டும் கைக்கெட்டிய தூரத்தில் இருந்திருந்தால் அவரையே மூன்று நகலாகக் கிழித்திருப்பாள்.

“இது நான் எழுதினது இல்லம்மா” என்றாள். “என் வீட்டுக்காரர் எழுதினது. எனக்குத் தெரியாம. நான் சீட்டுல எழுதினதுதான் கூலி. பத்து ரெடியா இருக்கு, இப்பவே எடுத்துட்டுப் போங்க. மீதி நாலு வெள்ளிக்கிழமை.”

ஆணியிலிருந்து பத்தையும் எடுத்து மடித்து மேசைமேல் வைத்தாள். எதிர்வீட்டுக்காரி தலையில் அடித்துக்கொண்டதை அவள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். வேறு யாராக இருந்தாலும் அத்தோடு எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். பில்டரம்மா கிளம்பவில்லை.

“அதெல்லாம் இருக்கட்டும். உங்க வீட்டுக்காரருக்குப் புத்தி சரியாத்தானே இருக்கு? ரவிக்கைக்கு யாராவது சிமெண்ட் விலை போடுவாங்களா?”

“அவர் எதையும் சொந்தமா எழுதமாட்டாரு. பார்த்துத்தான் எழுதுவாரு.”

“எதைப் பார்த்து?”

டெய்லரக்கா மெஷின் இழுப்பறையைத் திறந்து, ரசீதுக் கட்டுக்கு அடியிலிருந்து, பில்டர் கடிதத்துக்குப் புருஷன் எடுத்து வைத்திருந்த நகலை எடுத்துக் கொடுத்தாள். அந்த ஒரு விஷயத்தில் மூணு காப்பியின் பழக்கம் உதவியது.

பில்டரம்மா இப்போது உட்கார்ந்தாள். மடியில் ஒரு பக்கம் ரவிக்கைக் கடிதம், மறுபக்கம் வீட்டுக் கடிதம். பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி வரிக்கு வரி விரலை ஓட்டினாள். அடிக்கு வந்ததும் விரல் நின்றது.

“இது என் கையெழுத்து” என்றாள்.

“ஆமாம்மா. நிலம் உங்க பேர்லதானே. எல்லாக் கடிதத்துலயும் நீங்கதான் போட்டிருக்கீங்க. நானும் தெரிஞ்சுதான் போட்டீங்கன்னு…”

“பென்சில்ல குறி போட்டு நீட்டுவாரு. குறி இருக்கிற இடத்துல நான் போடுவேன். பூக்காரன்கிட்ட ஃபோன் பேசிக்கிட்டே போட்டிருப்பேன்.” கடிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். “எத்தனை பேருக்குப் போயிருக்கு?”

“பத்தொன்பது வீட்டுக்கும்.”

“மூணு தடவை?”

“மூணு தடவை.”

பில்டரம்மா கண்ணாடியைக் கழற்றினாள். “பெரிய மண்டபம் பார்த்து வெச்சிருந்தேன். அதை மாத்திச் சின்னதாக்கினார். சாப்பாட்டுல நாலு வகை குறைச்சார். விருந்தாளி பட்டியல்ல என் அக்கா வீட்டுப் பக்கத்தைப் பாதியா வெட்டினார். ஏன்னு கேட்டேன். ‘கம்பி விலை ஏறிப்போச்சு, ஆனா கையெழுத்துப் போட்டவங்ககிட்ட எப்படி ஏத்த முடியும், மனசாட்சி வேண்டாமா, நஷ்டத்தை நாமதான் தாங்கணும்’னு சொன்னார். நானும் கண்ணைத் துடைச்சிக்கிட்டு, நல்ல மனுஷன்னு நினைச்சேன்.”

கடையில் ஊசி விழுந்தால் கேட்கும். டெய்லர் கடையில் ஊசி அடிக்கடி விழும், ஆனால் அன்று யாரும் குனிந்து பொறுக்கவில்லை.

பில்டரம்மா இரண்டு கடிதங்களையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள். பத்து ரவிக்கையை எடுத்துக்கொண்டாள், சீட்டில் இருந்த கூலியை எண்ணி வைத்தாள், போனாள். எதிர்வீட்டுக்காரியின் பொத்தானுக்கு டெய்லரக்கா கூலி வாங்கவில்லை. பல் தடத்தை மட்டும் சுட்டிக் காட்டினாள்.

அன்று மாலை மூணு காப்பி வீடு திரும்பியபோது நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை. கேட்காதவர்கள் அடுத்த தெருவில்கூட இல்லை. “என் முத்திரையை எடுத்து என் பேரைக் கெடுக்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தா?” என்பதுதான் பல்லவி. அவர் கடைசிவரை, “படிக்கட்டை எடுத்திருக்கணும், தப்புதான்” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். தப்பு படிக்கட்டில் இல்லை என்று அவருக்குப் புரியவைக்கவே ஒரு மணி நேரம் ஆனது. பில்டரம்மாவுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னாள். எழுதினார். நாலு நாள் ஆயிற்று. கோப்பில் மாதிரி இல்லை.

பில்டர் வீட்டுக்குள் நடந்ததை யாரும் நேரில் பார்க்கவில்லை. அவர்கள் கார் ஓட்டுநர் மட்டும் நம் தெருமுனைக் கடையில் நின்று, இரண்டு நாளாக ஐயாவுக்கு வெளிச் சாப்பாடுதான் வாங்கிப் போகிறேன் என்று சொன்னார். அதற்கு மேல் கேட்பது மரியாதை இல்லை. கேட்டோம், அவருக்கும் தெரியவில்லை.

ஒரு வாரம் கழித்து டெய்லரக்காவுக்கு ஃபோன் வந்தது. புருஷனையும் கூட்டிக்கொண்டு போனாள். பில்டர் நாற்காலியில் பில்டரம்மா இருந்தாள். பில்டர் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். சிரிப்பு இருந்தது, ஆனால் அவசரத்தில் மாட்டின மாதிரி கொஞ்சம் கோணலாக இருந்தது.

“ஒன்பது சதவீதம் கிடையாது” என்றாள் பில்டரம்மா. “பத்தொன்பது வீட்டுக்கும் கிடையாது. நானே படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கேன். வாங்கிக்கோங்க.”

டெய்லரக்கா கடிதத்தை வாங்கினாள். இரண்டு தரம் படித்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் பன்னிரண்டாம் நம்பர் இருந்த இடத்திலேயே இருந்தது.

“உங்களுக்கு மட்டும் அந்த மூணும் அஞ்சும்கூட எடுத்துடலாம்னு இருக்கேன்” என்றாள் பில்டரம்மா.

பில்டர் இருமினார். மூணு காப்பி நோட்டைத் திறந்து பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டார்.

“வேண்டாம்மா” என்றாள் டெய்லரக்கா. “அது ரெண்டுக்கும் நான் சம்மதம்னு கையெழுத்துப் போட்டுட்டேன். திட்டிக்கிட்டுதான் போட்டேன். ஆனா போட்டேன். அதுக்குக் கடனும் சொல்லி வெச்சாச்சு. போட்டது போட்டதுதான்.”

மூணு காப்பி பேனாவை மூடினார். வாயைத் திறந்தார். அவர் மனைவி திரும்பிப் பார்த்தாள். வாயையும் மூடினார்.

தெருவுக்கு இதைக் கேட்டதும் ஒரு வாரத்துக்குத் தூக்கம் வரவில்லை. எட்டு சதவீதத்தை எட்டி உதைத்த பைத்தியக்காரி என்று எதிர்வீட்டுக்காரி எல்லா வாசலிலும் நின்று சொன்னாள். சொல்லிவிட்டு, தன் மகளுக்கு ஆறு ரவிக்கைத் துணியைக் கொண்டுபோய் அந்தப் பைத்தியக்காரியிடமே கொடுத்தாள். அளவு கொடுக்கும்போது, “சிமெண்ட் சேர்த்தா, சேர்க்காமலா?” என்று கேட்டாள். தெருவில் இது இன்னும் ஓயவில்லை.

அந்த வருடக் கடைசியில் டெய்லரக்கா பன்னிரண்டாம் நம்பருக்குக் குடி போனாள். சுவர் அலமாரிக்குக் கதவு இல்லை, பின்பக்கம் பூச்சு வேலை பாக்கி, முன்னறையில் மட்டும் மூன்று மெஷினும் ஓடுகின்றன. மூணு காப்பி ஓய்வு பெற்று, குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளராகி, மற்றப் பதினெட்டு வீட்டுக்காரர்களையும் கடிதத்தால் வாட்டுகிறார். எதிர்வீட்டுக்காரியின் மகள் அந்த ஆறு ரவிக்கையோடு கல்யாணமாகிப் பக்கத்து ஊருக்குப் போனாள். பில்டர் மகள் கல்யாணம் பெரிய மண்டபத்திலேயே நடந்தது, அக்கா வீட்டுப் பக்கம் முழுசாக வந்து முதல் பந்தியில் உட்கார்ந்தது. மாப்பிள்ளைக்கு மூன்றாம் வாரமே வேலை மாற்றலாகி இருவரும் கடல் தாண்டிப் போய்விட்டார்கள். அங்கே வாடகை வீடாம். வீடு வாங்குகிற பேச்சை எடுத்தாலே அந்தப் பெண், முதலில் ஒப்பந்தத்தை அம்மாவுக்கு அனுப்பு என்கிறாளாம்.